திரைப்பிடிப்பும் படியெடுப்போர் கடனும்

கண்ட பொருளைக் கண்டவாறே பிறர்க்குக் காட்ட விழைதல் மக்கட்கு இயற்கை. சொல்லால் விளக்கியும், கையால் வரைந்தும், ஒளிப்படக் கருவியாற் பிடித்தும் அவ்விழைவை மக்கள் நிறைவேற்றி வந்துள்ளனர். இக்காலத்து மாணவராகிய நாம் நாடோறும் காண்பனவற்றுட் பெரும்பகுதி கணினியின் திரைமேல் தோன்றுவதாயிற்று. ஆயின், திரைமேல் தோன்றுவது நில்லாத் தன்மையது. ஒரு விசையை அழுத்திய அளவில் ஒரு பக்கம் மறைந்து மற்றொன்று தோன்றும். நேற்றுக் கண்ட அறிவிப்பு இன்று திருத்தப்பட்டிருக்கும். இந்நில்லாப் பொருளை நிறுத்திவைக்கும் உபாயமே ஸ்கிரீன்ஷாட் என்று யாவரும் வழங்குவது. அதனை எடுக்கும் முறை யாது, அதன் இயல்பு யாது, எடுப்போர்க்கு உரிய கடன் யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

பெயரும் வரலாறும்

திரையின்கண் உள்ளதைப் படமாகப் பிடித்தலின் 'திரைப்படம்' எனலாமோ எனின், அச்சொல் சினிமாவுக்கே உரியதாய்விட்டது. ஆதலின் 'திரைப்பிடிப்பு' என்னும் பெயரையே ஈண்டு மேற்கொள்வாம்.

கணினி விசைப்பலகையின் மேல்வரிசையில், வலப்புறத்தே, 'பிரிண்ட் ஸ்கிரீன்' என்னும் விசை ஒன்று உண்டு. 'திரையை அச்சிடுக' என்பது அதன் பொருள். இன்று அதனை அழுத்தினால் அச்சுப்பொறி இயங்குவதில்லை. அங்ஙனமாயின் அப்பெயர் வந்தது எவ்வாறு? 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணினியில், ஷிப்ட் விசையோடு இவ்விசையைச் சேர்த்து அழுத்தின், திரையில் நின்ற எழுத்துக்கள் அச்சுப்பொறிக்குச் சென்று தாளிற் பதிந்தன. பின்னர் விண்டோஸ் முதலிய அமைப்புகள் பரவியபோது, தாளுக்குச் செல்வது நின்று, திரையின் உருவம் கணினியின் நினைவகத்துக்குச் செல்வதாயிற்று. தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. எள்ளின் நெய்யைக் குறித்துத் தோன்றிய 'எண்ணெய்' என்னும் சொல், பின்னர்த் தேங்காய் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆனது போன்றதே இதுவும்.

இவ்வரலாற்றில் நாம் உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. அன்று அச்சுப்பொறிக்குச் சென்றவை எழுத்துக்கள். இன்று நினைவகத்துக்குச் செல்வது படம். இவ்வேறுபாடு சிறிதென்று தோன்றினும், இக்கட்டுரையின் கருத்தனைத்தும் இதன்மேலேயே நிற்கின்றது.

உள்ளே நிகழ்வது

கணினித் திரை மிக நுண்ணிய புள்ளிகளால் ஆயது. இவற்றைப் பிக்சல் என்பர். பெருவழக்காகவுள்ள திரையொன்றில் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள. ஆக மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவைக் காட்டும் மூன்று எண்கள் உண்டு. அவ்வெண்களையெல்லாம் கணினி தன் நினைவகத்தே வைத்துக்கொண்டுதான் திரையை ஒளிர்விக்கின்றது. நாம் திரைப்பிடிப்பு எடுக்குங்கால் கணினி செய்வது, அவ்வெண்களைப் படியெடுத்து வைத்தலே. ஒளிப்படக் கருவி கொண்டு திரையைப் பிடித்தால் கைநடுக்கமும் கண்ணாடியின் பளபளப்பும் படத்திற் புகும். திரைப்பிடிப்பிலோ அவை புகா. புள்ளி தோறும் உள்ளது உள்ளவாறே அமையும்.

அளவு குறித்தும் ஒன்று சொல்வாம். ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டாக, முழுத்திரைக்கு 62,20,800 பைட்டு வேண்டும். இதனைச் சுருக்கி வைத்தற்குப் பல முறைகள் உள. 1992இல் வந்த ஜேபெக் முறை, கண்ணுக்குப் புலப்படாத நுண்மைகளை விட்டுவிட்டுச் சுருக்குவது. இயற்கைக் காட்சிகளுக்கு ஏற்றது. எழுத்துக்களின் விளிம்பிலோ அழுக்குப் படிந்தாற்போன்ற கறையை உண்டாக்கும். 1996இல் வகுக்கப்பட்ட பி.என்.ஜி. முறை ஒரு புள்ளியையும் இழவாது சுருக்குவது. ஆதலின் எழுத்து நிறைந்த திரைப்பிடிப்புகளைப் பி.என்.ஜி. கோப்பாக வைத்தலே தக்கது. மெய்யெழுத்தின் புள்ளியால் பொருள் வேறுபடும் நம் மொழிக்கு இஃது இன்றியமையாதது.

எடுக்கும் முறை

விண்டோஸ் கணினியில் திரைப்பிடிப்பு எடுக்க நான்கு வழிகளை அறிந்திருத்தல் போதும்.

முதலாவது, பிரிண்ட் ஸ்கிரீன் விசையை மட்டும் அழுத்துதல். முழுத்திரையின் உருவமும் கிளிப்போர்டு என்னும் தற்காலிக இடத்தைச் சேரும். பின்னர்ப் பெயிண்ட், வேர்டு முதலிய செயலிகளைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு வி விசையை அழுத்தின் படம் அங்கே வந்து அமையும். விண்டோஸ் 11 உள்ள கணினிகள் பலவற்றில் இவ்விசை, கீழே கூறப்படும் ஸ்னிப்பிங் டூல் என்னும் கருவியைத் திறக்கும். வேண்டுமாயின் அமைப்புகளில் இதனை மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினிகள் சிலவற்றில் எஃப்.என். என்னும் விசையையும் உடன் அழுத்தவேண்டும்.

இரண்டாவது, ஆல்ட் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்துதல். இதனால், அப்போது நாம் பணிபுரியும் சாளரம் ஒன்று மட்டுமே படியெடுக்கப்படும். பின்னே திறந்து கிடக்கும் பிறவெல்லாம் நீங்கும்.

மூன்றாவது, விண்டோஸ் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்துதல். திரை ஒரு நொடி மங்கித் தெளியும். படங்களுக்கு உரிய கோப்புறையுள், 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்னும் உட்கோப்புறையில், முழுத்திரையின் படம் கோப்பாகவே சேமிக்கப்பட்டிருக்கும்.

நான்காவது, விண்டோஸ், ஷிப்ட், எஸ் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துதல். இதுவே ஸ்னிப்பிங் டூலை அழைக்கும் விரைவுவழி. திரை மங்கியபின் சுட்டியால் வேண்டிய பகுதியை மட்டும் கட்டமிட்டு எடுக்கலாம். மாணவர்க்கு மிகப் பயன்படுவது இவ்வழியே. என்னையெனின், வேண்டியதை மட்டும் எடுத்தல் என்னும் நல்லொழுக்கத்தை இது தானே கற்பிக்கின்றது.

மேக் கணினி உடையார், ஷிப்ட், கமாண்ட் என்னும் இருவிசைகளோடு 3 என்னும் எண்ணை அழுத்தின் முழுத்திரையும், 4 என்னும் எண்ணை அழுத்தின் கட்டமிட்ட பகுதியும் கிடைக்கும். 4ஐ அழுத்தியபின் இடைவெளி விசையை அழுத்திச் சாளரமொன்றைச் சொடுக்கின் அச்சாளரம் மட்டும் அமையும். 2018இல் வந்த மொஹாவே பதிப்பு முதல், 5 என்னும் எண்ணை அழுத்தின் இவ்வழிகள் யாவும் ஒரு சிறு பட்டையில் ஒருங்கே தோன்றும். லினக்ஸ் கணினிகளுள் க்னோம் இடைமுகம் உடையவற்றில், 2022இல் வந்த 42ஆம் பதிப்பு முதல், பிரிண்ட் ஸ்கிரீன் விசையே பகுதி, சாளரம், முழுத்திரை என்னும் மூன்று தெரிவுகளையும் காட்டும்.

எடுத்தபின் ஒரு பணி எஞ்சும். கணினி தானே இடும் பெயர் வெறும் எண்ணாகவோ நாளும் நேரமுமாகவோ இருக்கும். அப்படம் யாதென்பதை அப்பெயர் உணர்த்தாது. 'நூலக அறிவிப்பு', 'கட்டண ரசீது' என்றாற்போலப் பெயர்மாற்றி வைப்பின், ஓராண்டு கழித்துத் தேடுவார்க்கு நூறு படங்களைத் திறந்து பார்க்கும் இடர் நேராது.

படமும் எழுத்தும்

இனி இதன் இயல்பை ஆராய்வாம். திரைப்பிடிப்பு ஒன்றில் 'கொடி' என்னும் சொல் தெரிகின்றது என்று கொள்வோம். நம் கண்ணுக்கு அது சொல். கணினிக்கோ கறுப்பும் வெளுப்புமாகிய புள்ளிகளின் கூட்டம். தட்டச்சிட்ட எழுத்தாயின், 1991 முதல் தமிழுக்கு இடம் தந்த யூனிகோடு முறைப்படி, அஃது எண் வடிவில் எழுத்தாகவே நிற்கும். அதனைத் தேடலாம், திருத்தலாம், பெரிதாக்கலாம், அகரவரிசைப்படுத்தலாம், ஒலியாக மாற்றலாம். படத்துக்குள் அகப்பட்ட சொல்லுக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. பெரிதாக்கின் மங்கும், தேடின் கிடையாது. அளவிலும் வேற்றுமை பெரிது. ஈராயிரம் தமிழ்க் குறியீடுகள் கொண்ட பக்கமொன்று யூடிஎஃப்-8 முறையில் 6,000 பைட்டே ஆகும். அப்பக்கத்தின் முழுத்திரைப் படம், சுருக்குமுன், அதனினும் ஆயிரமடங்கு பெரிது.

இவ்வேற்றுமை நூலறிவாக மட்டும் நில்லாது ஒருவருடைய படிப்பையே தடுப்பதாகவும் ஆகும் என்பதைச் சென்ற ஆண்டிற் கண்டோம். நம் வகுப்பில் பார்வையற்ற நண்பர் ஒருவர் உளர். என்.வி.டி.ஏ. என்னும் செயலியின் துணைகொண்டு அவர் கற்கின்றார். இச்செயலி, பார்வையற்றவராகிய மைக்கேல் கர்ரன் என்பவரால் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்று, விலையின்றி வழங்கப்படுவது. திரையிலுள்ள எழுத்துக்களைத் தமிழிலும் இது வாசித்துக் காட்டும். பருவத்தேர்வுக்கு முன்னாள் மாலையில், நன்னூல் எழுத்ததிகாரக் குறிப்புகள் பதினான்கு திரைப்பிடிப்புகளாக வகுப்பினர் யாவர்க்கும் வந்தன. கண்ணுடையார் அவற்றை எளிதிற் படித்துக்கொண்டனர். அந்நண்பர்க்கோ, அவர்தம் கணினி 'படம், படம்' என்று பதினான்கு முறை கூறி ஓய்ந்தது. விடுதித்தோழர் ஒருவர் அருகமர்ந்து இரவு பதினொரு மணிவரை வாசித்துக் காட்டினார். மறுநாள் அந்நண்பர் சினமின்றிச் சொல்லியது ஒன்றே: "குறிப்பை ஆக்கியவர் அதனைத் தட்டச்சில் தானே ஆக்கியிருப்பார்? அதையே அனுப்பியிருக்கலாமே!"

அவர் கூறியதை எண்ணுந்தோறும் உண்மை விளங்குகின்றது. எழுத்து முன்னரே இருந்தது. அதனைப் படமாக்கியதால் அவர்க்கு மட்டும் அது பூட்டப்பட்டது. திறவுகோல் அனுப்பியவர் கையிலேயே இருந்தது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரிகள் இக்காலத்து உளவே எனின், உள. டெசராக்ட் என்னும் எழுத்துணரி தமிழையும் படிக்கும். ஆயினும் 'ர' என்னும் எழுத்தும் காலாகிய குறியும் உருவால் நெருங்கியவை. மெய்யின் புள்ளியோ சிறிய படத்தில் மறைதற்கு எளியது. இத்தகைய இடங்களில் எழுத்துணரி பிழைபடின், கண்ணுடையார் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வர். கண்ணில்லார் எதனோடு ஒப்பிடுவர்? ஆதலின் எழுத்தை எழுத்தாகவே அனுப்புதல் முதற்கடன். படம் அனுப்பியே ஆகவேண்டுமாயின், அதன் பொருளை இரண்டொரு வரியில் உடன் எழுதுதல் வேண்டும். மின்னஞ்சலிலும் வேர்டு கோப்பிலும் படத்துக்கு மாற்றுரை இடுதற்கென்றே இடம் உண்டு.

அங்ஙனமாயின் திரைப்பிடிப்புக்கு உரிய இடம் யாது? உருவமே பொருளாகும் இடம் அதற்கு உரியது. சான்றாக, 'கொ' என்பதைக் கணினி ககரமும் அதனைத் தொடர்ந்து ஓர் உயிர்க்குறியுமாக வைத்திருந்து, காட்டும்பொழுதுதான் அக்குறியை எழுத்தின் இருமருங்கும் பிரித்து நிறுத்துகின்றது. தமிழை நன்கறியாத செயலிகள் சிலவற்றில் இக்குறி இடம்பெயர்ந்தோ, வட்டமொன்றன்மேல் தனித்தோ நிற்கும். அப்பிழையைத் தட்டச்சிட்டு விளக்க முடியாது. நாம் அனுப்பும் எழுத்துப் பெறுவோர் கணினியில் செவ்வையாகவே தோன்றிவிடும். எழுத்துருவைத் திருத்துவோர்க்கு அதனை உள்ளவாறு காட்ட வல்லது திரைப்பிடிப்பு ஒன்றே. செயலியொன்று காட்டும் பிழைச்செய்தி, விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் எதனை நிரப்புவது என்னும் வழிகாட்டல், பணம் செலுத்திய உடன் தோன்றி மறையும் ரசீது என்பனவும் இதற்கு உரியனவே.

வெட்டுதலும் மறைத்தலும்

திரையில் தோன்றுவன யாவும் நமக்கே உரியன அல்ல. நண்பர் பெயர், கைபேசி எண், மதிப்பெண், மூலையில் எழும் மின்னஞ்சல் அறிவிப்பு என்னும் இவை வேண்டாதே வந்து படத்திற் புகும். எடுக்குமுன் வேண்டாத சாளரங்களை மூடுதலும், எடுத்தபின் வேண்டாத பகுதியை வெட்டுதலும் இன்றியமையாதன. மறைக்குங்கால், ஒளி ஊடுருவும் தூரிகையாற் பூசுதல் பயனற்றது. படத்தின் ஒளியைக் கூட்டின் அடியிலுள்ள எழுத்து வெளிப்படும். எழுத்தைக் கட்டங்கட்டமாகக் கலைத்து மங்கச் செய்தலும் முற்றும் நம்பத்தக்கதன்று; எஞ்சிய சாயலைக்கொண்டு எண்களைக் கணித்தறிதல் சிலபோது கூடும். ஒளிபுகாக் கருங்கட்டத்தால் முழுதும் மூடுதலே செய்யத்தக்கது.

வெட்டிய பகுதி வெட்டுண்டே போயிற்று என்பதும் எப்போதும் உறுதியன்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கூகிள் பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தியிலும், விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும், விண்டோஸ் 10இன் ஸ்னிப் அண்டு ஸ்கெட்ச் செயலியிலும் ஒரு குறை வெளிப்பட்டது. வெட்டிச் சிறிதாக்கிய படத்தைப் பழைய கோப்பின் மீதே சேமித்தபோது, புதியதன் முடிவுக்கு அப்பால் பழையதன் வால் அழியாது எஞ்சிநின்றது. சிலேட்டில் எழுதிய நெடிய வரியை அழியாமல் அதன்மேல் குறுவரி ஒன்றை எழுதினாற்போல்வது இது. அவ்வாலிலிருந்து மறைத்த பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. அந்நிறுவனத்தார் அக்குறையை விரைவில் நீக்கினர் எனினும், முன்னரே பலர்க்கும் அனுப்பப்பட்ட படங்களை யாரால் திருத்த இயலும்? மறைபொருளை வெட்டி மறைத்தலினும், தொடக்கத்திலேயே அது புகாதவாறு எடுத்தல் நன்று என்பது இதனாற் பெறப்படும்.

சான்றாகுமோ?

'திரைப்பிடிப்பு இருக்கின்றது' என்று சொல்லி வழக்கை முடிப்பாரை நாம் காண்கின்றோம். அது சான்றாகுமோ என்பதை ஆராய்தல் வேண்டும். உலாவியில் திறந்த பக்கத்தின் சொற்களைத் தம் திரையளவில் மாற்றிக்கொள்ளும் வசதி உலாவியிலேயே உண்டு. மாற்றியபின் எடுத்த படம் புள்ளி பிசகாது மெய்போலவே தோன்றும். கணினியின் மூலையிற் காணும் நாளும் நேரமும்கூட அக்கணினிக்கு உடையவர் மாற்றத்தக்கனவே. பொய்புனையாது எடுத்த படமும் பொய்யுரைத்தல் கூடும். நீண்ட உரையாடலில் ஒருவர் கூறிய ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து, அதற்குமுன் கேட்கப்பட்ட வினாவை விட்டுவிடின், சொல் அவருடையதே எனினும் பொருள் அவருடையது ஆகாது.

இவ்விடத்தில் தமிழ் பயிலும் நமக்கு நல்வழி காட்டுவோர் நம் ஏட்டுப் பதிப்பாசிரியரே. 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடுகளிடையே கண்ட பாடபேதங்களைத் தம் பதிப்புகளிற் காட்டிச் சென்றார். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இறந்துபட்டன. எட்டுப் பத்துக்களே கிடைத்தமையின் 1904இல் அவ்வெட்டுமே பதிப்பிக்கப்பெற்றன. இல்லாததை இட்டு நிரப்பி நூலை முழுமையாக்கிக் காட்டும் எண்ணம் அவர்க்கு எழவில்லை. படியெடுப்போர்க்கு அழகு இது. திரைப்பிடிப்பு எடுப்போரும் படியெடுப்போரே. ஆதலின், வெட்டியிருப்பின் வெட்டியதாகச் சொல்லுதலும், எந்தப் பக்கத்தில் எந்நாளில் எடுத்தது என்பதை உடனெழுதுதலும், பக்கத்தின் முகவரியைத் தருதலும், ஒருவர் சொல்லை எடுத்தால் அதன் முன்பின்னை விடாது எடுத்தலும் அவர்க்குக் கடனாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திரைப்பிடிப்பு என்பது கண்ட உருவத்தை நிறுத்திவைக்கும் சிறந்த கருவி என்பதும், எழுத்துக்கு ஈடாக நிற்கவல்லதன்று என்பதும், எடுத்தார் நேர்மையன்றித் தனக்கென ஒரு மெய்ம்மை அதற்கு இல்லை என்பதும் விளங்கும். விசைகளை மனப்பாடம் செய்தற்கு ஒரு மாலைப்பொழுது போதும். 'இதனைப் படமாக அனுப்பினால் யாருக்கு எட்டாது போகும்? இதில் யாருடைய மறைபொருள் புகுந்துள்ளது? வெட்டியதால் யாருடைய சொல் திரிந்தது?' என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கும் பழக்கமோ நாட்செல்லவே கைகூடும்.

மாணவ நண்பர்காள்! பாடக்குறிப்பையோ மன்றத்து அறிவிப்பையோ அடுத்த முறை அனுப்பப் புகுங்கால், விசையை அழுத்துமுன் ஒரு நொடி நில்லுங்கள். எழுத்தாக அனுப்பக்கூடியதாயின் எழுத்தாகவே அனுப்புங்கள். படமே வேண்டுமாயின் இருவரி உரையும் உடன் இணையுங்கள். அனுப்புவார்க்கு அது சில நொடிப் பணி. பெறுவார் ஒருவர்க்கோ அதுவே அன்றைய பாடம் முழுமையும் ஆகலாம்.